வெடிக்காத தோட்டாவும் வர்ஜிலின் மச்சானும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அடுத்த வீட்டுக்காரரிடமிருந்து சுட்டது. நல்ல கைத்துப்பாக்கித் தோட்டா எது என்று அவர் மூன்று மாதம் அலைந்தார். எனக்குப் பெண் பார்க்க என் அம்மாகூட இவ்வளவு அலையவில்லை. பெயரை வர்ஜில் டாக்கெட் என்று மாற்றியிருக்கிறேன். ஓக்லஹோமாவில் அவருக்குத் தமிழ் படித்துக்காட்ட ஆளில்லைதான். இருந்தாலும் ஆயுதம் வைத்திருக்கிற மனிதர்.

முதல் தொடக்கம்: "இருள் சூழ்ந்த அந்த வீட்டில் வர்ஜிலின் இதயம்—" பொய். அப்போது மதியம் இரண்டு மணி.

இரண்டாவது: "அச்சம் என்பது மனிதகுலத்தின்—" இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. விடுங்கள்.

2

ஞாயிற்றுக்கிழமை. மனைவி நோரீன் தேவாலயத்தில் மதிய விருந்துக்குப் போயிருந்தாள். சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த வர்ஜிலுக்கு கராஜில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. இடுப்பிலிருந்த துப்பாக்கியை உருவிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். உள்ளே ஓர் ஆள், கையில் நீளமாக ஏதோ. வர்ஜில் விசையை அழுத்தினார்.

டிக் என்றது. அவ்வளவுதான்.

ஆள் திரும்பினான். நோரீனின் தம்பி டுவைட். கையில், போன கோடையில் இரவல் வாங்கிப்போன புல் வெட்டும் மெஷினின் நீளக் கைப்பிடி.

"ஏன் மாமா, திருப்பிக் குடுக்க லேட்டானா இப்படியா?" என்றான்.*

* தோட்டா ஏன் வெடிக்கவில்லை? வர்ஜில் சனிக்கிழமை தவறாமல் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவார், தலைக்கு வைக்கிற மாதிரி தாராளமாக. ஒன்பது வருஷமாக மாற்றாத தோட்டாவுக்குள் அது இறங்கி மருந்தை நனைத்துவிட்டது என்றார் துப்பாக்கிக் கடைக்காரர்.

3

[இங்கே வர்ஜில் மச்சானைக் கட்டிக்கொண்டு அழும் பத்தி ஒன்று இருந்தது. நன்றாக வந்திருந்தது. நான்தான் அழுதேன், அவர் அழ மறுத்துவிட்டார்.]

அவருக்குத் தோட்டா வெடிக்கவில்லை என்பதுதான் மானப் பிரச்சினை. டுவைட்டோ அவரைவிடக் கொதித்துப்போனான்.

"என்னையே சுட முடியல, திருடன எப்படி மாமா சுடுவீங்க? இத நம்பியா அக்காவ இந்த வீட்டுல வச்சிருக்கீங்க?"

இப்படி ஒருவன் இருப்பானா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் பட்டேன். ஆனால் கடைக்கு வண்டி ஓட்டிப்போனவனே அவன்தான்.

முனையில் குழி வைத்த தோட்டாதான் உடம்புக்குள் விரிந்து நிற்கும், துளைத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுச் சுவரில் ஏறாது என்றார் கடைக்காரர். (அடுத்த வீடு என்னுடையது. அந்த வரியை இரண்டுமுறை எழுதினேன்.) பேர்பெற்றது எதுவானாலும் உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், இருநூறு சுட்டு ஒன்றும் துப்பாக்கிக்குள் மாட்டிக்கொள்ளாமல் போனால் நம்பலாம் என்றார்.

டுவைட்டின் மேய்ச்சல் நிலத்தில் சுட்டார்கள். முதல் ரகம் நூற்றெழுபத்து மூன்றில் மாட்டிக்கொண்டது. வேறு ரகம் வாங்கி மறுபடி ஒன்றிலிருந்து. ஒருவழியாக இருநூறும் சுத்தமாகப் போனது. டுவைட் துள்ளிக் குதித்தான். வர்ஜில் பெட்டியில் மிச்சமிருந்த பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த எரநூறும் நல்ல தோட்டாதான்டா. ஆனா அதெல்லாம் போயிடுச்சே. இந்தப் பத்தப் பத்தி நமக்கு என்ன தெரியும்?"

"எல்லாம் ஒண்ணுதான மாமா, ஒரே பெட்டி."

"நீயும் உங்க அக்காவும்கூட ஒரே வயித்துல பொறந்தவங்கதான்."

4

நோரீனை இதுவரை நான் பேசவிடவில்லை. அது என் தப்பு. சமையலறையில் வெண்டைக்காய் பொரிக்க விட்டிருந்தேன். அவள் தட்டோடு தானாகவே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் நடுவே மேசைமேல் அந்தப் பழைய தோட்டாவை வைத்தாள். அடியில் துப்பாக்கி ஊசி குத்திய தடம் தெரிந்தது.

"இதப் போட்டு வச்சுக்குங்க."

"அக்கா, அது வெடிக்காது."

"தெரியும்டா." கணவனைப் பார்த்தாள். "அன்னிக்கி யாருன்னு ஒரு வார்த்த ஏங்க கேக்கல?"

டுவைட் மெல்லுவதை நிறுத்தினான். வர்ஜில் வெண்டைக்காயை ஒதுக்கினார், மறுபடி சேர்த்தார்.

"பயந்துட்டேன்," என்றார்.

தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதைத் துப்பாக்கியில் போடவுமில்லை, எறியவுமில்லை.

5

முடிவுக்கு வருவோம். ஒரு பிரதியில் அவர் துப்பாக்கியை விற்றுவிட்டார். எங்கள் தெருவில் சிரிப்பார்கள். இன்னொன்றில், அந்த ஞாயிறன்றே தோட்டாவை வெடிக்கவிட்டுப் பார்த்தேன். அரைப் பக்கம் போனது. காலிப் பாத்திரத்தோடு நோரீன் காரைவிட்டு இறங்கி, கராஜ் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து, "டுவைட் வந்தி—"

என்னால் ஆகவில்லை. கிழித்துவிட்டேன்.

ஆகவே இது உங்கள் கையில். மறுபடி ஞாயிறு, மணி இரண்டு. நோரீன் தேவாலயத்தில். துப்பாக்கியில் புதுத் தோட்டா பத்தும் இருக்கின்றன. இவை வெடிக்கும், சந்தேகமே வேண்டாம். புல் மெஷினை மறுபடி இரவல் கேட்க வருவதாக டுவைட் சொல்லியிருக்கிறான், என்றைக்கு என்று சொல்லவில்லை. கராஜில் ஏதோ உருள்கிறது. வர்ஜில் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், நான் கேட்கமாட்டேன். அவரை மட்டும் முதலில் "யாரு?" என்று கேட்கவிடுங்கள்.