மூன்றாம் படமும் ஐந்தாம் படமும்

பேர்பெற்ற ஒரு பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரையில் இரண்டு நோயாளிகளின் செல்கள் என்று போட்டிருந்த மூன்றாம் படமும் ஐந்தாம் படமும் ஒரே படம்தான், கண்ணுகளா. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பியிருந்தார்கள், அவ்வளவே. அதைக் கண்டுபிடித்தவள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண். அவள், கட்டுரைகளை விவாதிக்கும் இணையதளத்தில் தன் சொந்தப் பெயரிலேயே எழுதினாள்: "ஐயா, இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. மூலப் படங்களைக் காட்ட முடியுமா?"

மறுநாள் காலையிலேயே அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, என்னையே கேள்வி கேக்கற அளவுக்கு வளர்ந்துட்டியா? உன் கட்டுரையில ரெண்டாவது அட்டவணை தப்புன்னு எனக்குத் தெரியாதா? அதை நான் எழுதினா உன் வேலை நிலைக்குமா? நீ எழுதினதை மரியாதையா அழிச்சிடு."

அவள் தன் கட்டுரையின் அட்டவணையைத் திறந்து பார்த்தாள். ஆண்களுக்கான எண்கள் பெண்கள் என்ற தலைப்பின் கீழே இடம் மாறித்தான் கிடந்தன.

"அழிச்சுத் தொலைடி," என்றாள் பக்கத்து மேசையில் வேலை செய்யும் அக்கா. "வம்பை ஏன் விலைக்கு வாங்கற?"

"மரியாதையாத்தானேக்கா கேட்டேன்? இதுக்கு மேல மரியாதைக்கு நான் எங்க போறது?"

அவள் அழிக்கவில்லை. அதே தளத்தில் தன் கட்டுரையைத் தேடி எடுத்து, அதன் கீழே தன் தவறைத் தானே எழுதினாள். திருத்தத்தை அதை வெளியிட்ட இதழுக்கும் அனுப்பினாள். பிறகு பேராசிரியரின் கட்டுரைக்கு வந்து இதைச் சேர்த்தாள்:

"ஐயா, என் தவறை நீங்கள் சொல்லித்தான் கண்டேன், நன்றி. ஊரறியத் திருத்திவிட்டேன். இப்போது உங்கள் படங்களைப் பற்றிப் பேசலாமா?"