சாம்பல் நிறக் கீழ்ப்பாதி

1.

இந்தக் கதை என் அண்ணியிடமிருந்து எடுத்தது. கேட்டுத்தான் எடுத்தேன். "எழுதிக்கோ. ஆனா என்னை அழகா காட்டாத" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விரிசல்களுக்கும் நினைவு உண்டு.' வேண்டாம். அண்ணி படித்தால் சிரிப்பார். விரிசலுக்கு அகலம்தான் உண்டு.

அண்ணியின் வேலை விரிசல்களைப் படமெடுப்பது. பெரிய கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டும்போது, சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களை, தோண்டத் தொடங்கும் முன் ஒருமுறையும் தொடங்கிய பின் ஒருமுறையும் எடுப்பார். அகலத்தை அளக்க, விரிசலுக்குக் கீழே ஒரு ஸ்கேல் ஒட்டியிருக்கும். விரிசல் வளர்ந்திருப்பதைப் படம் காட்டினால் தோண்டுவதை நிறுத்துவார்கள். காட்டாவிட்டால் தோண்டுவார்கள்.

2.

இரண்டாம் முறை படமெடுத்த அன்று மாலை அண்ணி மெமரி கார்டைக் கணினியில் செருகினார். பக்கத்தில் தையல்கார அக்கா. பள்ளத்தை ஒட்டிய வீடு அவருடையது.

[முதல் படத்தை எடுத்த அன்றே ஏன் ஏற்றவில்லை என்று கேட்பீர்கள். கணினி பழுதுபார்க்கப் போயிருந்தது. இதற்குமேல் எழுதினால் தூங்கிவிடுவீர்கள்.]

படங்கள் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, பிறகு முடிந்தது. பள்ளம் தோண்டுமுன் அக்கா வீட்டில் எடுத்த முதல் படத்தைத் திறந்தோம். மேல்பாதியில் விரிசல். கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். ஸ்கேல் அந்தப் பாதியில் இருந்தது.

வேறு கணினி, வேறு ரீடர், மீட்டெடுக்கும் மென்பொருள். எதிலும் வரவில்லை. அண்ணியின் விரல்கள், ஒரு... இந்த வரி வரவில்லை. அவர் ஒருமுறைகூட உச் கொட்டவில்லை என்பது மட்டும் உண்மை.

"இன்னைக்கு எடுத்ததுல ஸ்கேல் இருக்கே. அதை வெட்டி இதுல ஒட்டிடேன்" என்றார் அக்கா. "கிழிஞ்ச சட்டையையே தெரியாம ஒட்டுப்போடுறவ நான். உனக்கு இது வராதா?"

"நல்லாவே வரும்க்கா. அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"ஒண்ணு ஒட்டுனது தெரிஞ்சா, இந்தத் தெருவுல நான் எடுத்த எதையும் நம்ப மாட்டாங்க. பக்கத்து வீட்டுச் சுவருக்கு எடுத்த படமும் சேர்ந்து செல்லாம போயிடும்."

"என் சுவர் விழுந்தா?"

அண்ணி நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினார். "எங்க வீட்டுக்கு வந்துடுங்க. மிஷினையும் தூக்கிட்டு வந்துடலாம்."

"உன் வீட்டுக்காரர் குறட்டைக்கு அந்தச் சுவரே தேவலை."

[என் அண்ணன். மறுப்பதற்கில்லை.]

3.

இந்த இடத்தில் நான் கை வைத்தேன். படத்தின் மேல்பாதியில், விரிசலுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்விட்ச் பலகையை எழுதிச் சேர்த்தேன். அதன் அகலம் தெரியும். விகிதம் போட்டால் விரிசலின் அகலம் வந்துவிடும். அறிவியல் படித்தவளின் சின்னப் பெருமை.

அண்ணி படித்தார். "அந்தச் சுவத்துல ஸ்விட்ச் ஏது?"

"கதைதானே அண்ணி."

"அப்ப அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லிடு, கதையில பள்ளம் நின்னுடுச்சுன்னு."

ஸ்விட்ச் பலகை வரிகளை அடித்துவிட்டேன்.

4.

தோண்டுவதை நிறுத்துவதா என்று முடிவெடுப்பவர்களுக்கு, முழுப் படத்தோடு பாதிப் படத்தையும் அண்ணி அப்படியே அனுப்பினார். கூடவே ஒரு வரி: 'கீழ்ப்பாதி பதிவாகவில்லை.' எனக்குத் தெரிந்து யாரும் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நஷ்டத்துக்கு உண்மை எழுதியதில்லை.

பதில் இன்னும் வரவில்லை. அக்காவின் மிஷின் எங்கள் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பள்ளம் நிற்கிறது. இன்னொன்றில் சுவர்... முடிக்கவில்லை. இரண்டுமே நான் பார்க்காதவை.

ஆகவே படங்களை உங்கள்முன் வைக்கிறேன். பின்னால் எடுத்தது முழுசு, முன்னால் எடுத்தது பாதி. பாதியில் விரிசல் முழுசில் இருப்பதைவிட மெல்லியதாகத்தான் தெரிகிறது, அளவு கிடையாது. எடுத்தவரை இப்போது உங்களுக்குத் தெரியும்.

நிறுத்தச் சொல்வீர்களா?