டயர்க் கடையிலிருந்து வந்த நைட்ரஜன்

மண்ணிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு, பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்களில் குளோரோஃபார்மில் கரைந்து நின்றது. அதை நைட்ரஜன் ஊதித்தான் உலர்த்த வேண்டும். சாதாரணக் காற்று பட்டால் பழைய எண்ணெய் போலச் சிக்கு வாடை அடித்துவிடும். அப்புறம் அந்த மண்ணில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு இருந்ததென்று கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது குழாய் உலரும்போதே சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்த அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேஸ் கம்பெனியில் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அளக்கும் கருவியோ மறுநாள் காலை மட்டும்தான் அவளுக்கு; விட்டால் ஆறு வாரம். மண் எடுத்த மலைச்சரிவும் காட்டுத்தீக்குப் பின் பெய்த மழையில் சரிந்துபோயிருந்தது. திரும்பப் போய் அள்ளிவர வழியில்லை.

கணவனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி கடையில டயருக்கு நைட்ரஜன்தானே அடிக்கிறான்? கேட்டுப் பாரேன்.”

கேட்க நாக்கு எழவில்லை. போன மாதம்தான் கொழுந்தன் காதுபடவே, “படிச்சிருந்தா இப்படிக் காத்தடிச்சுப் பொழைக்க வேணாமே” என்று சொல்லித் தொலைத்திருந்தாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு கூப்பிட்டாள்.

அரை மணி நேரத்தில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“கடை மெஷின்ல காத்துலேருந்து பிரிக்கிற நைட்ரஜன்ல ஆயில் வாடை வரும், அண்ணி. உங்களுக்கு ஆகாதுன்னு தோணுச்சு. இது கம்பெனியில நிரப்பி சீல் வெச்சது. கரண்டு போனா உதவும்னு ஒண்ணு வெச்சிருந்தேன்.”

கேஸ் சுத்தமானதா என்பதுதான் அவள் கேட்க நினைத்துக் கூச்சப்பட்ட கேள்வியே.

“ஆமா, எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்டான் அவன்.

“மண்ணுல இருக்கிற கொழுப்ப அளக்கறதுக்கு.”

“மண்ணுக்குமா கொழுப்பு? நம்ம குடும்பத்துக்கு மட்டும்தான்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து பார்த்தாள், அவன் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. அவளும் சிரித்துவிட்டாள்.

முதலில் வெறும் குளோரோஃபார்ம் ஊற்றிய ஒரு குழாயை உலர்த்தினாள். கேஸில் அழுக்கு இருந்தால் நாளை அது காட்டிக்கொடுத்துவிடும். அவள் வால்வைத் திருப்பிய வேகத்தில் இரண்டு சொட்டு வெளியே தெறித்தது. மற்றக் குழாய்களுக்கு அவனே வால்வைத் திருப்பினான், தூங்கும் பிள்ளையின் நெற்றியில் ஊதுவதுபோல. திரவத்தில் சின்னக் குழி விழுந்ததே தவிர ஒரு சொட்டும் தெறிக்கவில்லை. உலர்ந்த கொழுப்பைக் கருவிக்கு ஏற்றபடி மாற்றி முடிக்கப் பொழுது சாய்ந்தது.

காலையில் வெறும் குழாயைத்தான் முதலில் ஓட்டினாள். திரையில் கோடு அசையாமல் நேராகப் போனது. அடுத்து மண்ணின் கொழுப்பு. ஒன்றன்பின் ஒன்றாக முகடுகள் எழுந்தன. கருகிய மண்ணில் பாக்டீரியாவும் பூஞ்சையும் மறுபடி குடியேறியிருந்தன. நாற்காலியைவிட்டு எழாமலே கடைக்குப் போன் போட்டாள்.

“சுத்தமா வந்திருக்கு, தம்பி. நீங்க வரலன்னா நாலு மாச உழைப்பு மண்ணாப் போயிருக்கும். அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

எதிர்முனையில் சக்கரம் கழற்றும் சத்தத்தைவிட்டு அவன் தள்ளி வந்தான்.

“சிலிண்டர் அங்கயே இருக்கட்டும், அண்ணி. இன்னும் பாதிக்கு மேல இருக்கு. ஆனா திறக்கறதுக்கு என்னைக் கூப்பிடுங்க. உங்களுக்கு வால்வு பிடிக்கத் தெரியல.”

“தெரியலதான்” என்றாள். “வந்து சொல்லிக் குடுங்க.”