காரணம் எழுதும் கட்டம்

சிவசங்கரனின் கார் வாரத்தில் நான்கு நாள் ஒழுங்காகக் கிளம்பும். ஐந்தாவது நாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த ஐந்தாவது நாள் எந்த நாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அன்றைக்கெல்லாம் அவன் இறங்கி, பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்ஜினை இரண்டு நிமிடம் முறைப்பான். பிறகு பானெட்டை ஓங்கி அறைந்து மூடுவான். வண்டி கிளம்பிவிடும். தன் முறைப்புக்கு இன்ஜின் பயந்துவிட்டது என்று அவனுக்கு உள்ளூர ஒரு நினைப்பு. நாலு வருஷம் குடித்தனம் நடத்திய வனஜாவுக்கு இதுகூடத் தெரியாதா என்ன?

எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தவுடன் உலகத்தில் உள்ள எல்லா யந்திரங்களும் தனக்குக் கட்டுப்பட்டவை என்று எண்ணிக்கொள்கிற ரகம் அவன். செகண்ட் ஹேண்டில் இந்தக் காரை வாங்கிய அன்றே, அவளுடைய கம்பெனி பஸ் ஸீட்டை ரத்து செய்யச் சொல்லி அவனே உட்கார்ந்து லெட்டர் அடித்தான். "ஒரே ஓசூர் ரோடு. நான் கார்ல போறப்ப என் பொண்டாட்டி பஸ்ல இடிபடணுமா?" என்றான். அவளும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வருகிற திங்கட்கிழமையோடு ஆறு மாதத் தற்காலிகக் காலம் முடிகிறது. எட்டரைக்கு மேல் வந்தால் ரிஜிஸ்டரில் சிவப்பு மை. மூன்று சிவப்பு விழுந்தால் வேலை நிரந்தரம் இல்லை. கார் புண்ணியத்தில் இரண்டு விழுந்தாகிவிட்டது. இரண்டு தடவையும் காரணம் எழுதும் கட்டத்தில் 'வண்டிக் கோளாறு' என்று எழுதியிருந்தாள்.

கோளாறைக் கண்டுபிடிக்க சிவசங்கரன் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டான். தேதி, மழையா வெயிலா, பெட்ரோல் எவ்வளவு, வண்டி எந்தத் திசை பார்த்து நின்றது. முதல் வாரம் குற்றவாளி ஈரக்காற்று. இரண்டாம் வாரம் பெட்ரோல் பங்க். மூன்றாம் வாரம் அவளேதான்.

"நீ ஏறி உட்கார்ந்தப்புறம் சாவி போட்டா ஃபெயிலியர் பர்சன்டேஜ் ஜாஸ்தியா இருக்கு, வனஜா."

அந்த வாரம் முழுக்க அவள் கைப்பையும் டிபன் பாக்ஸுமாகத் தெருவில் நின்றாள். வண்டி உறுமிய பிறகே ஏற அனுமதி. காய்கறி வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஆயுத பூஜைக்கு அப்புறந்தாங்க இப்படி ஆகுது" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். பூஜையன்று அவன் ஒரு கிண்ணம் நிறைய சந்தனம் அரைக்கச் சொல்லி, குங்குமத்தோடு வாங்கிக்கொண்டு போய், பானெட்டுக்குள் தலையை விட்டபடி முக்கால் மணி நேரம் இருந்தது அவள் நினைவில் இருந்தது.

"சாமி கோவிச்சுக்கிச்சுன்னு சொல்றியா?" என்று சிரித்தான். "டேட்டா பேசணும்."

சனிக்கிழமை அவளே போய் கிளாரன்ஸைக் கூட்டிவந்தாள். கோவில் தெரு முனையில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக். அவர் சாவியை ஒருமுறை திருப்பினார். 'டிக்'.

"கான்டாக்ட் ப்ராப்ளம் சார். பேட்டரில ஒயர மாட்டற கிளாம்ப கழட்டிப் பார்த்துடலாம். ஸ்வல்ப நேரந்தான்."

"கரண்ட் அளக்கிற மீட்டர் இருக்கா உங்ககிட்ட?" என்றான் சிவசங்கரன்.

"இன்னாத்துக்கு சார் மீட்டர்? ஸ்பேனர் போதும்."

"பூஜையன்னிக்கு நானே கழட்டி, துடைச்சு, மாட்டினேன். அங்க ஒண்ணும் இல்ல. தொடாதீங்க."

கிளாரன்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களே கழட்டினீங்களா? அப்ப சரி சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். மரியாதையாகத்தான் சொன்னார்; ஆனால் வனஜாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கார் 'டிக்' என்றது.

அவன் முறைத்தான். அறைந்து மூடினான். 'டிக்'. மறுபடி முறைத்தான். "ஆட்டோ பிடிச்சுப் போயிடறேன்" என்றாள். "ரெண்டே நிமிஷம், இரு" என்றான். அந்த இரண்டு நிமிஷத்தை நம்பி நின்றது அவளுடைய முட்டாள்தனம். ஏழே முக்காலுக்குத் தெருவில் இறங்கிக் கை காட்டினால், பொம்மசந்திரா என்ற பேரைக் கேட்டதுமே ஆட்டோக்கள் ஓடின. கடைசியில் கிளாரன்ஸ் ஷெட்டுக்கே ஓடினாள்.

கிளாரன்ஸ் வந்தார். யாரையும் கேட்கவில்லை. கிளாம்பைக் கழற்றி, அது மாட்டியிருந்த பேட்டரி முனையை நகத்தால் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சந்தன வாசனை அடிக்குது சார். பேட்டரிக்கு யாரு பொட்டு வச்சது?"

சிவசங்கரன் வாட்சைப் பார்த்தான்.

"வெளிய வச்சா அழகு. கிளாம்புக்கு அடியில அப்பிட்டு மேல மாட்டினா கரண்ட் எப்படி சார் போகும்? பானெட்ட அடிச்சு மூடறப்ப ஆடிச்சின்னா ஒரு நேரம் ஒட்டும், ஒரு நேரம் ஒட்டாது."

உப்புத்தாளால் இரண்டு தேய். கிளாம்பு ஏறியது. சாவி பாதி திரும்புவதற்குள் கார் கிளம்பியது.

வழியெல்லாம் அவன் பேசினான். பேட்டரிதான் காரின் உயிர், உயிருக்கே பொட்டு வைப்பதுதான் நியாயம், கிளாம்பின் வடிவமைப்பில்தான் தப்பு என்றான். சில்க் போர்டு சிக்னலில் மணி எட்டு இருபத்தைந்து.

எட்டு ஐம்பத்தொன்றுக்கு ரிஜிஸ்டர் அவள் முன் வந்தது. சிவப்பு மை காத்திருந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் 'வண்டி' என்று ஆரம்பிக்கப் போனவள் நிறுத்தினாள். பிறகு தெளிவாக ஒரே சொல் எழுதினாள்: கணவர்.

மேலாளர் சுந்தரராமன் அதைப் படித்தார், அவளைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் சட்டம் சட்டம்தான். வேலையை விட்டு எடுக்கவில்லை, நிரந்தரமும் இல்லை. இன்னும் மூன்று மாதம் தற்காலிகம். அந்த நீட்டிப்புக் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கம்பெனி பஸ்களைக் கவனிக்கும் போக்குவரத்துப் பிரிவுக்கு நடந்தாள்.

மாலையில் அவன் கம்ப்யூட்டர் முன் உற்சாகமாக இருந்தான். "பாரு, அட்டவணையை க்ளோஸ் பண்ணிட்டேன்." கடைசி வரி: கோளாறு - சந்தனம். அதற்குப் பக்கத்தில்: பொறுப்பு - வனஜா, அளவுக்கு மேல் அரைத்துக் கொடுத்தது.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆளிடமா இத்தனை நாள் காரணம் சொல்லி வாதாடினோம் என்றுதான் இருந்தது.

"நானும் இன்னிக்கு ஒரு ரிஜிஸ்டர்ல காரணம் எழுதிட்டு வந்தேன்" என்றாள்.

"என்ன எழுதின?"

"உங்களைத்தாங்க. மேலாளர் கையெழுத்தும் ஆயிடுச்சு."

அவள் கைப்பையிலிருந்து புது பஸ் பாஸை எடுத்து, அந்த வரி மறைகிற மாதிரி திரையின் மேல் சாய்த்து வைத்தாள்.

"ஏழு பத்துக்கு முனையில பஸ். நாளைலேர்ந்து உங்க டிபனை நீங்களே கட்டிக்கோங்க."