புஸ்பமக்காவின் பெருவிரல்

தொண்ணூற்றொன்றில், வாவிக்கு அப்பால் படுவான்கரையில், எங்கள் நெல்வயல் வட்டைக்குள் விழுந்த ஷெல், என் கணவர் நல்லரத்தினத்தைக் கொண்டுபோனது. என் இடது காதும் அதோடு போயிற்று. அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, என்னை வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அன்று முதல் ஓயாத தலைச்சுற்று, நிலம் என் காலடியில் நிற்கவில்லை. மாத்திரைகள் உறக்கத்தை மட்டும் தந்தன. தலையை அசைக்காமல் படு என்றார்கள், படுத்தேன். அக்கரையில் அவருடைய ஆட்டைத்திவசங்கள் வருசா வருசம் நான் இல்லாமலே கழிந்தன. வாவியைக் கடக்கும் பாதையில், அந்த இரும்பு மிதவையில், உட்காரக்கூட என்னால் முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஹிதாயா மிஸ் வேறு விதமாகச் சொன்னாள். உடற்பயிற்சியால் வைத்தியம் செய்யும் காத்தான்குடிப் பெண்.

"பெருவிரல நீட்டிப் பிடிங்க. கண் அதுலயே நிக்கணும். தலைய மட்டும் அங்கயும் இங்கயும் ஆட்டுங்க. சுத்தும். சுத்தச் சுத்தத்தான் மூளை பழகும்."

"விழுந்தா?"

"இப்ப மட்டும் எழும்பியா நிக்கிறீங்க அக்கா?"

ஒரு வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு, ஈரத் தலையை விரித்தபடி முற்றத்து வேலியை ஒரு கையால் பிடித்து நின்று, மற்றக் கைப் பெருவிரலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் புஸ்பமக்கா வேப்பிலையோடு ஓடிவந்து காலடியில் விழுந்தாள்.

"தாயே, எண்ட பொடியன் இருக்கானா?"

அவளுடைய மகனை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், பிறகு தகவலே இல்லை. எனக்கு அம்மாள் உரு வந்து ஆடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். 'ஓம்' என்ற ஒரு சொல் போதும், அன்றைக்கு அவள் சோறு தின்பாள். ஆனாலும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அக்கா, இது ஆஸ்பத்திரில சொல்லித் தந்தது. தலைச்சுத்துக்கு."

அவள் வேப்பிலையைக் கீழே வைத்தாள்.

"அம்மாள் இப்பிடியா புள்ள ஆடுவா? ஆட்டுக்குட்டி மாதிரியல்லவா ஆட்டினாய்" என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு எழும்பி, "ரெண்டு கையாலயும் வேலியப் பிடி. நீ தலைய ஆட்டு, விரல நான் பிடிக்கன்" என்றாள்.

அதன்பின் தினமும் அவள் விரல்தான். முதலில் வாந்தி வந்தது. பிறகு சுவரைப் பிடித்து நடந்தேன். பிறகு சுவரும் வேண்டாமல் போனது.

அடுத்த ஆட்டைத்திவசத்துக்கு இருவருமாகத் துறைக்குப் போனோம். பாதை நகர்ந்ததும் தண்ணீர் முழுவதும் சுழன்றது. எதிரே நின்ற புஸ்பமக்கா பெருவிரலை உயர்த்தினாள். அதையே பார்த்தேன். பாதி தூரம் போனபின் தண்ணீரைப் பார்த்தேன். அது தன்பாட்டில் கிடந்தது.

"விரலக் கீழ போடுங்க அக்கா. துறையில நிக்கிற ஆமிக்காரன் பாக்கான், ஏதோ சைகையெண்டு நினைப்பான்."

"பாக்கட்டும்" என்றாள். ஆனாலும் கையை இறக்கினாள். நான் நின்றுகொண்டே கரை சேர்ந்தேன்.