நாலு நிமிடமும் இருபது விநாடியும்

ஐந்தாம் கொட்டிலில் படம் மறுபடியும் உறைந்தது. கெமிஸ்ரி சேர் பாதி வாய் திறந்தபடி ரீவிக்குள் நிற்க, நூற்றைம்பது பிள்ளைகள் ஒன்றாகச் சலித்துக்கொண்டார்கள். வினோஜா கைத்தொலைபேசியைப் பார்த்தாள். நாலு நிமிடமும் இருபது விநாடியும். கோதாரி, மூன்று கிழமையாக இதே கூத்து!

வாங்கில் ஏறி ரீவியை நிற்பாட்டித் திரும்பப் போட்டாள். படம் வந்தது. இன்னும் நாலு நிமிடத்துக்கு இருக்கும். அதற்குள் ஆறாம் கொட்டிலுக்கு ஓட வேண்டும்.

திருநெல்வேலியில் தில்லைநாதன் நடத்தும் அந்த ரியூசனில் அவள் மூன்று வருடமாகக் கமரா, ரீவி பார்க்கும் வேலை செய்கிறாள். முன் மண்டபத்தில் கெமிஸ்ரி சேர் நேரே படிப்பிப்பார். அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குப் பின்னால் ஆறு கொட்டில்கள், கொட்டிலுக்கு ஒரு ரீவி. இன்றைக்குச் சோதனைக்கு முந்திய கடைசி வகுப்பு. வினோஜாவுக்கும் இன்றைக்குத்தான் கெடு. பல்கலைக்கழகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள், அனுபவக் கடிதம் நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். காலையில் தில்லைநாதன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"வகுப்பு முடியமுந்திப் படத்தைச் சரிப்பண்ணு. இல்லாட்டி உள்ளதைத்தான் எழுதுவன் பிள்ளை. உனக்கு வேலை தெரியாதெண்டு எழுதுவன்."

வேலை தெரியாதாம்! சொல்லுகிற ஆளைப் பார்!

நோய் என்னவென்று அவளுக்கு முதல் கிழமையே விளங்கிவிட்டது. கமராவின் படம், எல்லா ரீவிகளின் வயரும் வந்து சேருகிற நெட்வேர்க் சுவிச்சுக்கு ஒரு தரம்தான் வரும். எந்த வயரில் இருக்கிற ரீவி "எனக்கு வேணும்" என்று கேட்டதோ, அந்த வயரின் பேரை எழுதி வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் சுவிச் படத்தை அனுப்பும். எழுதின பேரை ஆயுசுக்கும் வைத்திராது, ரீவியை யாரும் நிற்பாட்டியிருக்கலாமே. அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் யாராவது, வகுப்பில் வரவு எடுப்பதுபோல, இடாப்புக் கூப்பிட வேண்டும்: இன்னும் ஆருக்கு வேணும்? ரீவிகள் மறுமொழி சொல்லும். அதை ஒட்டுக்கேட்டுச் சுவிச் பேர்களைப் புதுப்பிக்கும். கூப்பிட ஆளில்லாவிட்டால் நாலு நிமிடம் இருபது விநாடியில் எல்லார் பேரையும் வெட்டிவிடும். இங்கே இடாப்புக் கூப்பிட்டது சுவிச்சுக்கு மேலே இருந்த பழைய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. அதற்கு என்னவோ நடந்துவிட்டது.

சுவிச் இருக்கிற அறைக்குள் போனால் ஐந்து நிமிட வேலை. போக விட்டால்தானே! வாஸ்து பார்க்க வந்த ஒருவன் அந்த அறை ஈசான மூலை என்று சொல்லிப் பூசை வைத்து, ஒரு மண்டலத்துக்கு, நாற்பத்தெட்டு நாளுக்கு, பெண்பிள்ளைகள் கால் வைக்கக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போயிருந்தான். வெளியிலிருந்து அந்தச் சுவிச்சில் கை வைக்கவும் வழியில்லை, நேரே வயர் கொழுவ வேண்டும். அறைச் சாவி தில்லைநாதனின் மைத்துனர் கேதீஸ்வரனின் இடுப்பில். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உள்ளே போவார், வருவார்.

ஆறாம் கொட்டிலுக்கு ஓடும் வழியில் அறைக் கதவு திறந்து கிடந்தது. கேதீஸ்வரன் விளக்குக்கு எண்ணெய் எடுத்து வந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, உள்ளுக்கை அந்தச் சாம்பல் பெட்டி வேலை செய்யுதோ?"

"அதையோ? அது சும்மா கிடந்த சாமான் பிள்ளை. விளக்கு வைக்க இடம் காணாதெண்டு அத்தான்தான் கழட்டச் சொன்னவர்."

மூன்று கிழமை! தில்லைநாதனிடம் எத்தனை தரம் கேட்டிருப்பாள்! வினோஜா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சீ! அழுகின மாலையும் எண்ணெயும் சேர்ந்து நாறின. வெட்டி வைத்த எலுமிச்சம்பழங்களில் புழு நெளிந்தது. பெட்டி இருந்த இடத்தில் குத்துவிளக்கு. அதிலிருந்து வழிந்த எண்ணெய் சுவிச்சின் காற்றுத் துளைகளில் பிசுபிசுத்தது. சுவர் மூலையெல்லாம் கேதீஸ்வரனின் வெற்றிலைத் துப்பல். பெட்டி ஒரு உரப்பைக்குள், அழுகின வாழைப்பழச் சீப்புக்குக் கீழே கிடந்தது. துப்பலுக்கு இல்லாத தீட்டு அவளுடைய காலுக்கு!

"ஐயோ, வெளியாலை வா! அத்தான், இஞ்சை ஓடி வாங்கோ!" கேதீஸ்வரன் வாசலில் நின்று குதித்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு வயரைக் கொழுவினாள். உரப்பைக்குள் கை விட மனம் வரவில்லை, தேவையும் இல்லை. சுவிச்சையே இடாப்புக் கூப்பிடச் சொல்லி இரண்டு வரி எழுதினாள். வெளியே வர, உறைந்து நின்ற ரீவிகள் கொட்டில் கொட்டிலாகத் தாமாகவே உயிர்த்தன. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. சேர் எழுதிக்கொண்டே இருந்தார், பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். வினோஜாவுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்தபின் தில்லைநாதன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கடிதம் எழுதி, முத்திரையும் குத்தி, மேசையில் இருந்தது. அவள் வாசித்தாள். திறமை, நேர்மை, பொறுப்பு, ஒன்றும் குறையில்லை. பக்கத்தில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர்.

"பெட்டியைக் கழட்டின கதை வெளியாலை போகக்கூடாது," என்றார். "பெற்றோர் கேட்டால் உன்ரை பிழை எண்டு சொல்லு, சின்னப்பிள்ளை எண்டு விட்டிடுவினம். மண்டலத்தையும் குழப்பிப்போட்டாய். கேதீஸ் தண்ணி தெளிப்பான். அறை வாசலிலை விழுந்து கும்பிட்டிட்டு வந்து கடிதத்தை எடு."

கேதீஸ்வரன் வாயைத் துடைத்த கையையே செம்புக்குள் விட்டார்.

வினோஜா கடிதத்தை ஒரு தரம் பார்த்தாள். நாளைக்கு இது போகாவிட்டால் அந்த வேலை இல்லை. எழும்பிக் குழாயடிக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டு, முழங்கால்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

தில்லைநாதன் வாசலில் வந்து நின்று பார்த்தார். முகமெல்லாம் திருப்தி.

"அப்பிடி வழிக்கு வா! நல்லாக் கழுவு பிள்ளை. தீட்டுப் போகட்டும். கழுவிப்போட்டு வந்து கடிதத்தை எடு."

"உங்கடை அறைக்குள்ளை வைச்ச காலைத்தான் சேர் கழுவிறன்," என்றாள் வினோஜா. "கடிதத்தை நீங்களே வைச்சிருங்கோ. அதைத் தொட்டால் பிறகு கையையும் கழுவ வேணும்."

குழாயைப் பூட்டிவிட்டு, ஈரக்காலோடு பலாலி வீதியில் ஏறினாள்.