மேல்மாடிக்காரரின் நான்கு முகவரிகள்

மேல்மாடிக்குக் குடிவந்தவர் தன்னை லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டார். வீட்டுக்காரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் அவள். ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்குத் தாள் இல்லாமல் ஆட்களைப் படிக்கத் தொடங்கியிருந்தாள். தெருவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

“மெக்கானிக்குன்னா நகக்கண்ணுல கொஞ்சமாவது கறுப்பு இருக்காதா? இவரு கை டாக்டர் கை மாதிரி இருக்கு,” என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். அண்ணன் போன பிறகு அண்ணியும் அவளும்தான் கீழ்வீட்டில்.

“சோப்பு போட்டுக் கழுவுவாரு அண்ணி. ஊர்ல எல்லாரும் செய்றதுதான்.”

ஒரு நாள் மத்தியானம் அவர் மாடிப்படியில் நின்று போனில் பேசுவது காதில் விழுந்தது. “ரெண்டு பேருமே உள்ளதான் இருக்காங்களா? கத்துறாங்களா? கத்தட்டும். கதவை யாரும் தொறக்க வேணாம். நான் வந்து பாத்துக்கறேன்.”

அவள் ஓடிப்போய் நாத்தனாரிடம் சொன்னாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கத்தாமல் பாட்டா பாடுவார்கள் என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே குடியிருப்போர் பதிவேடு என்று ஒன்று உண்டு. யார், எந்த வீட்டில், எப்போதிலிருந்து என்பதை யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஜன்னல் எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினாள். தலைப்பில் ‘விண்ணபம்’ என்று அச்சாகியிருந்தது. பூதக்கண்ணாடிக்குக் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, விட்டுப்போன ‘ப்’பைச் சேர்த்த பிறகுதான் மற்றதை எழுதினாள். ஆளின் பெயர், இப்போதைய முகவரி, கேட்கும் காரணம். காரணத்துக்கு ‘தெரிந்துகொள்ள’ என்று போட்டாள்.

அரை மணி நேரத்தில் தாள் வந்தது. ஐந்து வருஷத்தில் நான்கு முகவரிகள். ஐந்தாவது அவள் வீடு.

“இவரும் உங்க வீட்டைப் பத்தி எழுதிக் கேட்டிருக்காரே,” என்றாள் எழுத்தர், மூக்கைத் துடைத்தபடி. “குடிவர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி. கட்டடப் பதிவு வாங்கிப் பாத்திருக்காரு.”

அவள் தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். அந்த மேல்மாடி எந்தப் பதிவிலும் இல்லை. கணவர் ஒரே ஒரு கொத்தனாரை வைத்துக்கொண்டு, “எழுதிக் குடுக்கறதை அப்புறம் பாத்துக்கலாம்” என்று எழுப்பியது. அந்த அப்புறம் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த விஷயம் வீட்டுக்குள் இருந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அன்றே இரண்டு முகவரிகளுக்குப் போனாள். முதலாவது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் கையிலிருந்த ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே, “நல்ல மனுஷன்தான். மேல ஒரு ரூம்ல இருந்தாரு. அனுமதி இல்லைன்னு அதை இடிச்சிட்டாங்க,” என்றார். இரண்டாவது முகவரியில் ஆளே இல்லை. ஒற்றை மாடி வீட்டின் பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு ஏறி, மேலே எதுவும் இல்லாமல் வானத்தில் நின்றது.

“போற இடமெல்லாம் இடியுது,” என்றாள் வீடு திரும்பியதும். “இந்த ஆளு வேவு பாக்கறவரு. உள்ள வந்து தங்கி, பாத்து, போய்ச் சொல்லிடறாரு.”

“இடிக்கிற மாதிரி கட்டின ரூமுக்குத்தான் வாடகை கம்மி அண்ணி. அதனால அங்கல்லாம் போயிருப்பாரு.”

“நீ யாரைத்தான் சந்தேகப்பட்டிருக்கே?”

அதன்பின் மாடிப்படி ஒரு நாளைக்கு மூன்று முறை பெருக்கப்பட்டது. அவருக்கு வந்த கடிதங்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப்பட்டன. ஒரு நாள் காலையில் வழிமறித்துக் கேட்டும் விட்டாள்.

“இதுக்கு முன்னாடி இருந்த வீடு என்னாச்சு தம்பி?”

“இடிச்சிட்டாங்கக்கா,” என்று சொல்லிவிட்டு அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பஸ் போயிடுச்சு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் அளவு நாடாவோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

“மேல ஒரு தளம் இருக்குன்னு தெரியவந்திருக்கு. அளக்கணும்.”

“யாரு சொன்னா?”

“அதெல்லாம் ஃபைல்ல இருக்கும்மா. விசாரணைக்கு வரும்போது பாத்துக்குங்க.”

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து திரும்பியதும் அவள் மேலே ஏறினாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கறுத்துப்போன கையுறை ஒரு ஜோடி கிடந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் மனசில் ஏறவில்லை.

“உப்பு போட்ட வீட்டுக்கே இப்படிப் பண்ணலாமா?”

“நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலைக்கா.”

“அப்ப எதுக்கு என் வீட்டுப் பதிவை எடுத்துப் பாத்தீங்க?”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வாரக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். அவர் நான்கே நாளில் போய்விட்டார். சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் சொட்டியதைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னாராம்.

அடுத்த வாரம் விசாரணை. அதிகாரி கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். முதல் தாளின் தலைப்பில் ஒரு சிவப்பு ‘ப்’ இருந்தது. கீழே, இப்போதைய முகவரி என்ற இடத்தில், அவளுடைய உருண்டை எழுத்தில் கதவு எண். அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி. அப்புறம் ‘மேல்மாடி’.

“பதிவுல ஒரு தளம்தான் இருக்கு. நீங்களே மேல்மாடின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க,” என்றார் அதிகாரி. “பொருந்தாம வர்ற முகவரியை அளவைப் பிரிவுக்கு அனுப்பிடணும். அதான் விதி.”

அவள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்குள் வரைபடம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும், அதுவரை மேலே யாரும் இருக்கக் கூடாது என்று அதிகாரி சொன்னது பாதிதான் காதில் ஏறியது. இடிக்கவில்லை என்ற நிம்மதிகூட வரவில்லை. முகம் எரிந்தது.

நாத்தனார் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. “அவர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடுங்க அண்ணி. மனசுல வச்சுக்கிட்டிருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது,” என்றாள்.

போனை அவர் எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடியும் அதே ஜன்னலுக்குப் போனாள். காரணம் என்ற இடத்தில் ‘மன்னிப்புக் கேட்க’ என்று எழுதினாள். எழுத்தர் அதைப் படித்து, ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, முகவரியைக் கொடுத்தாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டு வாசலில் தயங்கி நின்றபோது கீழ்வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்தாள்.

“யாரைத் தேடுறீங்க? ரொம்ப நேரமா நிக்கிறீங்களே.”

“மேல இருக்கற தம்பியை. முன்னாடி என் வீட்டுலதான் இருந்தாரு.”

“அப்படியா? ஏன் காலி பண்ணாரு? ஏதாவது வம்பா?”

“வம்பெல்லாம் இல்லீங்க. ரொம்ப நல்ல மனுஷன். நான்தான் தப்பா நெனச்சு அனுப்பிட்டேன்.”

“காரணம் இல்லாமயா ஒருத்தரை அனுப்புவாங்க?”

கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது. இடுக்கில் தெரிந்த அந்தச் சந்தேகக் கண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் அவரே வந்துவிட்டார், கருவிப் பையும் கையுமாக.

“இந்த அட்ரஸ் எப்படிக் கெடச்சுது?”

“எழுதிக் குடுத்து வாங்கினேன் தம்பி. அன்னைக்கும் நான்தான் எழுதிக் குடுத்தேன். மேல்மாடின்னு, என் கையாலயே. உங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான் போனேன். பழியைத் தூக்கி உங்க மேல போட்டுட்டேன். மன்னிச்சுக்கணும்.”

அவர் பையைக் கீழே வைத்தார்.

“பதிவுல இல்லைன்னு தெரிஞ்சுதான்க்கா வந்தேன். ரெண்டு தடவை சாமானோட தெருவுல நின்னவன், அதனால இப்பல்லாம் பாத்துட்டுத்தான் வர்றது. வேற எடம் கெடைக்கலை. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வந்தவுடனே சொன்னா மெரட்டுறேன்னு நெனப்பீங்களோன்னு விட்டுட்டேன்.”

“ஒப்புதல் வந்துடும் தம்பி. வந்ததும் திரும்பி வந்துடுங்க.”

“வேணாம்க்கா. இந்த வீட்டுல பதிவுலயே ரெண்டு தளம் இருக்கு,” என்றார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.

கதவு முழுவதும் திறந்தது. “பதிவு, தளம்னு ஏதோ காதுல விழுந்துச்சே. என் வீட்டைப் பத்தி என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?”

“உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

“ஒண்ணும் ஆகாதுன்னா என்ன அர்த்தம்?”

இப்படியே விட்டுவிட்டுப் போனால் இந்த அம்மா நாளைக் காலையில் அந்த ஜன்னலில் போய் நிற்பாள். பூதக்கண்ணாடி அனுமதி கேட்காமலே வாசல் படியில் உட்கார்ந்தாள். நகக்கண்ணில் தொடங்கி ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மா கதவைப் பிடித்தபடி நின்றே கேட்டாள். நம்பினாளா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், “தண்ணி வேணுமா?” என்று மட்டும் கேட்டாள்.